மீன் சாவதற்கு முன் அதன் இரத்தம் சொல்வது: மட்டக்களப்பு, அம்பாறைப் பண்ணையாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கம் ஒரு பண்ணை. இரண்டு மண் குளங்களிலும் திலாப்பியா. ஒரு குளத்தில் மட்டும் நாளுக்குப் பத்து, பதினைந்து மீன் செத்துக்கொண்டிருந்தது. மிச்ச மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒட்சிசன் போதவில்லை என்று நினைத்த பண்ணைக்காரர் காற்றுப் பம்பை இரவு பகலாக ஓடவிட்டிருந்தார். சாவு நிற்கவில்லை.

நான் ஊசியை எடுத்தபோது, "என்ன தம்பி, மீனுக்கும் ரத்தம் எடுத்துப் பாக்கிறயா?" என்று கேட்டார்.

இரண்டு குளத்திலும் ஒவ்வொரு மீன் பிடித்து, ஒவ்வொரு துளி இரத்தத்தை ஒரே வெள்ளைத் தாளில் பக்கத்துப் பக்கத்தில் விட்டேன். ஒன்று நல்ல சிவப்பு. மற்றது கடுங்கோப்பி நிறம். காற்றுப் பட்டும் அது சிவக்கவில்லை. "அண்ணன், தண்ணியில காத்து இருக்குது. அதைத் தூக்கிக்கொண்டு போக இந்த ரத்தத்துக்கு ஏலாது" என்றேன். தண்ணீரைச் சோதித்தபோது நைத்திரைற்று, அதாவது மீன் கழிவும் மிச்சத் தீவனமும் சிதையும்போது நீரில் சேரும் நச்சு, ஏறியிருந்தது. நைத்திரைற்று செவுள் வழியாக உள்ளே போய், இரத்தத்தின் ஈமோகுளோபினை ஒட்சிசன் பிடிக்க முடியாத வடிவத்துக்கு மாற்றிவிடும். பம்பு எவ்வளவு ஓடினாலும் அந்த மீனுக்கு மூச்சு முட்டத்தான் செய்யும்.

அன்று காரணத்தைக் காட்டிக் கொடுத்தது பக்கத்துக் குளத்துச் சிவப்புத் துளிதான். அது இல்லாமல் கோப்பி நிறத்தை மட்டும் பார்த்திருந்தால் 'மீன் இரத்தம் கறுப்பாகத்தான் இருக்குமோ' என்று கடந்து போயிருப்போம். இந்த வழிகாட்டி முழுவதும் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவதும் இதைத்தான்: மீன் நன்றாக இருக்கும்போதே இரத்தம் எடுத்து எழுதி வையுங்கள். உங்கள் குளத்தின் நல்ல நாள் எண்கள் கையில் இல்லாவிட்டால், கெட்ட நாள் எண்களை எதோடு ஒப்பிடுவது?

எப்போது, எத்தனை மீன்

ஒரு குளத்துக்கோ கூட்டுக்கோ குறைந்தது பத்து மீன் வேண்டும். இருபது கிடைத்தால் நல்லது. ஒரே அளவு மீன்களாகப் பாருங்கள். 100 கிராம் மீனின் எண்ணும் 500 கிராம் மீனின் எண்ணும் ஒன்றாக இருக்காது.

நம் பகுதிக்கு வருடத்தில் இரண்டு தடவை கட்டாயம் என்பது என் எண்ணம். ஒன்று, கச்சான் வீசி நீர் சூடாகி, குளமும் வற்றிக் கிடக்கும் காலம். நீர் 30 பாகைக்கு மேலே போகும்போது திலாப்பியாவில் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் பக்டீரியா நோய் தலைகாட்டும். மற்றது, மாரி முடிந்து வெள்ளம் வடிந்த கையோடு. வாவியில் கூடு போட்டுக் கொடுவா வளர்ப்பவர்களுக்கு இந்த இரண்டாவது தடவை மிக முக்கியம். 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி, பாலமீன்மடுவிலும் கல்லாற்றுப் பக்கத்திலும் மட்டும்தான் கடலைத் தொடுகிறது. முகத்துவாரம் மூடிக் கிடக்கும்போதும், வெள்ளம் இறங்கும்போதும், வெட்டிவிட்ட பிறகும் உப்பு வேறு வேறாக இருக்கும். அதை மீனின் உடம்பு சமாளிக்கிறதா என்று இரத்தத்தில் தெரியும்.

நேரம் காலை, வெயில் ஏறுவதற்கு முன். முதல் நாள் தீவனம் போட வேண்டாம். சாப்பிட்ட மீனின் இரத்த நீர் பால் போலக் கலங்கியிருக்கும், சர்க்கரையும் ஏறியிருக்கும்.

செத்த மீனில் இரத்தம் எடுத்துப் பயனில்லை. நோய்க் காலத்தில் எடுப்பதானால், சோர்ந்து ஓரமாக ஒதுங்கி நிற்கும் உயிருள்ள மீனும், அதே குளத்தில் நன்றாக நீந்தும் மீனும் இரண்டும் வேண்டும்.

கொண்டு போக வேண்டியவை

1 மில்லிலீற்றர், 3 மில்லிலீற்றர் சிரிஞ்சுகள். 21 முதல் 23 கேஜ் ஊசி, ஓர் அங்குல நீளம். சின்ன மீனுக்கு 25 கேஜ். மனித ஆய்வுகூடங்களில் பாவிக்கும், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபரின் போட்ட பச்சை மூடிக் குழாய். கண்ணாடித் துண்டுகள், மெதனோல், ஈரத் துவாய், கையுறை, அழியாத பேனா, ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டி. இரண்டு வாளிகள்: ஒன்று மயக்க, ஒன்று தெளிவிக்க. இரண்டும் அந்தக் குளத்து நீராகவே இருக்க வேண்டும்.

கையுறையை விட்டுவிடாதீர்கள். திலாப்பியாவின் முதுகுச் செட்டை முள் குத்தாத பண்ணைக்காரர் இருக்க மாட்டார். 1995-96 குளிர்காலத்தில் கனடாவின் டொரொன்டோவில் முழுத் திலாப்பியாவைக் கழுவி வெட்டியவர்களுக்குக் கைக்காயம் வழியாக 'ஸ்ட்ரெப்டோகொக்கஸ் இனியே' என்ற கிருமி தொற்றி, வைத்தியசாலையில் சேர வேண்டியதாயிற்று. சுத்தம் பார்ப்பது மீனுக்காக மட்டுமில்லை.

மயக்கம்

கராம்பு எண்ணெய் போதும். அது நேராக நீரில் கலக்காது, மேலே மிதக்கும். அதனால் ஒரு பங்கு எண்ணெயை ஒன்பது பங்கு எதனோலில் கலந்து ஒரு போத்தலில் வைத்துக்கொள்ளுங்கள். 10 லீற்றர் நீருக்கு அந்தக் கலவையில் 5 மில்லிலீற்றர். இது லீற்றருக்குச் சுமார் 50 மில்லிகிராம் எண்ணெய் என்ற கணக்கு. இரண்டு மூன்று நிமிடத்தில் மீன் சரிந்து பக்கவாட்டில் கிடக்கும். வாலடியைக் கிள்ளினால் அசையக் கூடாது, செவுள் மூடி மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருக்க வேண்டும். செவுள் மூடியும் நின்றுவிட்டால் அளவு மீறிவிட்டது, உடனே மற்ற வாளிக்கு மாற்றுங்கள். மயங்கவே இல்லையென்றால் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். ஆனால் லீற்றருக்கு 100 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம்.

மயக்க மருந்தும் எண்களைச் சற்று மாற்றும். ஆகவே ஒவ்வொரு தடவையும் ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே நேரம். மயக்கிய மீனை அன்றே சந்தைக்கும் சமையலுக்கும் அனுப்பக் கூடாது. வேறு தொட்டியில் தனியாக விடுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், மீனைத் துரத்தாமல் பிடிப்பது. வலையை இழுத்து, எல்லா மீனையும் ஒரு மூலையில் ஒடுக்கி, அரை மணிநேரம் துடிக்கவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாக எடுத்தால், நீங்கள் அளப்பது மீனின் நலத்தை அல்ல, அதன் பயத்தை. பயந்த மீனின் இரத்தச் சர்க்கரை சில நிமிடங்களிலேயே ஏறத் தொடங்கும். மண்ணீரல் சுருங்கிச் சேமித்த செங்குழியங்களை வெளியே தள்ளும். பத்து மீனையும் பிடித்த வரிசையை எழுதி வையுங்கள். முதல் மீனுக்கும் பத்தாவது மீனுக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்தால் காரணம் வலைதான்.

ஊசி போகும் இடம்

இதைக் கற்றுக்கொள்ளப் பலர் தயங்குகிறார்கள். ஐந்து மீனில் பழகினால் கை வந்துவிடும்.

மீனை ஈரத் துவாயில், வயிறு மேலே பார்க்கக் கிடத்துங்கள். கண்ணைத் துவாயால் மூடிவிடுங்கள். மலவாய்க்குப் பின்னால் உள்ள செட்டை முடியும் இடத்துக்கும் வால் தொடங்கும் இடத்துக்கும் நடுவே, சரியாக மத்திய கோட்டில், ஊசியின் வாய் மேலே பார்க்க, முள்ளந்தண்டை நோக்கிக் குத்துங்கள். செதில் இருந்தால் அதை விலக்கி அதன் கீழே போக வேண்டும். முதலில் தோல் கொஞ்சம் தடுக்கும், பிறகு சதையில் வழுக்கிக்கொண்டு போகும். அப்புறம் ஒரு கடினமான தட்டல் விரலுக்குத் தெரியும். அது எலும்பு. அங்கே நின்று, ஒரு தலைமயிர் அளவு பின்னுக்கு எடுத்து, சிரிஞ்சை மெல்ல இழுத்துப் பிடியுங்கள். இரத்தக் குழாய் முள்ளந்தண்டின் அடியிலேயே ஓடுகிறது. ஊசி சரியான இடத்தில் இருந்தால் கரும் சிவப்பு இரத்தம் தானாக ஏறி வரும். வராவிட்டால் ஊசியை உள்ளே வைத்தபடியே இலேசாகத் திருப்பிப் பாருங்கள். கிளறாதீர்கள்.

வேகமாக இழுக்கக் கூடாது. குழாய் ஒட்டிக்கொள்ளும், செங்குழியமும் உடையும்.

எவ்வளவு எடுக்கலாம்? மீனின் உடம்பில் இரத்தம் அதன் எடையில் 3 முதல் 5 வீதம்தான். உயிரோடு திரும்ப விடும் மீனில் எடையின் ஒரு வீதத்துக்கு மேல் எடுக்கவே கூடாது. 300 கிராம் மீனில் உச்சம் 3 மில்லிலீற்றர். நமக்குத் தேவை ஒரு மில்லிலீற்றர்கூட இல்லை. ஊசியை எடுத்ததும் அந்த இடத்தைக் கட்டைவிரலால் அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டுத் தெளிவிக்கும் வாளியில் விடுங்கள். வாயும் செவுளும் அசைந்து, மீன் தானாக நிமிரும் வரை பக்கத்தில் நில்லுங்கள்.

குழாயும் பயணமும்

மீன் இரத்தம் ஓரிரு நிமிடத்தில் உறையத் தொடங்கும். சிரிஞ்சை முன்கூட்டியே ஹெபரினால் நனைத்து, மிச்சத்தைத் துளி இல்லாமல் தள்ளிவிடுங்கள். குழாய்க்கு மாற்றும்போது ஊசியைக் கழற்றிவிட்டு, குழாயின் உட்சுவர் வழியாக மெல்ல வழிய விடுங்கள். ஊசி வழியாக அழுத்தினால் குழியங்கள் நசுங்கும். குலுக்காமல் ஆறேழு தடவை கவிழ்த்து நிமிர்த்துங்கள்.

ஊதா மூடி ஈடிடிஏ குழாய் சில மீன் இனங்களின் செங்குழியத்தை உடைத்துவிடும். அதில் கல்சியமும் பொட்டாசியமும் பார்க்கவும் முடியாது. அதனால்தான் பச்சை மூடியைச் சொல்கிறேன்.

குழாயை ஐசில் நேராகப் புதைக்க வேண்டாம், உறைந்தால் எல்லாம் வீண். துணியில் சுற்றி மேலே வையுங்கள். வாகரையிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ நகரத்துக்கு வர எடுக்கும் நேரத்தை நினைத்து, இரத்தப் பூச்சைப் பண்ணையிலேயே செய்துவிடுங்கள்.

பண்ணையாளருக்குப் போதுமான மூன்று சோதனைகள்

முதலாவது, செங்குழிய அளவு வீதம். மெல்லிய கண்ணாடிக் குழாயில் முக்கால் பங்குக்கு இரத்தம் ஏற்றி, ஒரு நுனியைக் களியால் அடைத்து, மையநீக்கியில் நிமிடத்துக்கு 10,000 முதல் 12,000 சுற்றில் ஐந்து நிமிடம் சுழற்ற வேண்டும். அடியில் சிவப்பு, நடுவில் வெள்ளை நூல் போல வெண்குழியம், மேலே வெளிறிய நீர். அடிமட்டத்தால் அளக்கலாம்: சிவப்பின் நீளத்தை மொத்த நீளத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 60 மில்லிமீற்றரில் சிவப்பு 18 என்றால் 30 வீதம்.

நல்ல திலாப்பியாவில் இது பெரும்பாலும் 25 முதல் 40 வீதத்துக்குள் நிற்கும். 20 இற்குக் கீழே போனால் இரத்தச்சோகை என்று எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கத்தை விட அதிகமாக ஏறி நின்றால், மீன் பயந்திருக்கிறது, அல்லது ஒட்சிசன் குறைவில் இருந்திருக்கிறது, அல்லது உடம்பு நீரை இழக்கிறது.

மேலே நிற்கும் நீரின் நிறத்தையும் பாருங்கள். இதற்குக் காசு இல்லை, பலர் பார்ப்பதும் இல்லை. தெளிந்த வைக்கோல் நிறம் நல்லது. இளஞ்சிவப்பு என்றால் செங்குழியம் உடைந்திருக்கிறது, பெரும்பாலும் நம் கைப்பிழை. பால் நிறம் என்றால் மீன் சாப்பிட்டிருக்கிறது. பச்சை கலந்த மஞ்சள் என்றால் ஈரலைச் சந்தேகியுங்கள்.

இரண்டாவது, இரத்த நீரின் புரதம். அதே கண்ணாடிக் குழாயைச் சிவப்புக்கு மேலே உடைத்து, அந்த நீரில் ஒரு துளியைக் கைக் கதிர்முறிவுமானியில் விட்டால் டெசிலீற்றருக்கு எத்தனை கிராம் என்று வாசிக்கலாம். இறால் பண்ணைகளில் உப்புப் பார்க்கும் கருவியும் இதே குடும்பம்தான். ஆனால் அதன் அளவுகோல் வேறு, புரத அளவுகோல் உள்ள மருத்துவக் கருவி வேண்டும். பட்டினி கிடந்த மீன், ஒட்டுண்ணி பிடித்த மீன், ஈரல் கெட்ட மீன், புண்ணால் நீர் கசியும் மீன் எல்லாவற்றிலும் புரதம் இறங்கும். மாரியில் தீவன மூட்டையை நிலத்தில் அடுக்கி, பூஞ்சணம் பிடித்த பிறகும் போடும் பண்ணைகளில் செங்குழியமும் புரதமும் சேர்ந்து இறங்கினால், நான் முதலில் கேட்பது தீவன அறைத் திறப்பைத்தான். பூஞ்சண நஞ்சான அஃப்லடொக்சின் ஈரலையும் தாக்கும், இரத்தச்சோகையும் கொண்டுவரும்.

மூன்றாவது, இரத்தப் பூச்சு. கண்ணாடியில் ஒரு சின்னத் துளி, இன்னொரு கண்ணாடியைச் சாய்த்து ஒரே இழுப்பு. நம் ஈரக் காற்றில் இது காய நேரமெடுக்கும், அதற்குள் குழியங்கள் சுருங்கிவிடும். சின்ன மின்விசிறி ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். காய்ந்ததும் மெதனோலில் ஐந்து நிமிடம், பிறகு கீம்சா சாயம். நுணுக்குக்காட்டியில் மீனின் செங்குழியம் முட்டை வடிவமாக, நடுவில் கருவோடு தெரியும். மனிதச் செங்குழியத்தில் கரு கிடையாது.

இளம் செங்குழியம் உருண்டையாக, நீலம் கலந்து தெரியும். இரத்தச்சோகையோடு இவை நிறைய இருந்தால் உடம்பு புது இரத்தம் செய்கிறது என்று பொருள், நம்பிக்கை வைக்கலாம். சோகை இருந்தும் இளம் குழியமே இல்லை என்றால் நிலைமை கடினம். குழியங்களுக்கிடையே நெளிந்த நூல் போல ஏதேனும் தெரிந்தால் அது ட்ரிபனோசோமா என்ற இரத்த ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதைக் கொண்டுவருவது அட்டை. சங்கிலி சங்கிலியாகச் சிறு புள்ளிகள், கூடவே கண் பிதுங்கி, சுழன்று நீந்தும் மீன் என்றால் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் சந்தேகம். அதை உறுதிசெய்யப் பூச்சு போதாது. மூளை, சிறுநீரகத்திலிருந்து கிருமி வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன் கண்ட அன்டிபயோட்டிக்கைத் தீவனத்தில் கலந்து போட வேண்டாம். நெக்டா (தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை) உத்தியோகத்தரையோ மிருக வைத்தியரையோ கேளுங்கள்.

மனித ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தால்

ஒரு தடவை அவசரத்தில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் கொடுத்து, கருவியில் போட்டு எடுத்தோம். வெண்குழியம் இலட்சக்கணக்கில் வந்தது. மீனுக்கு இரத்தப் புற்றுநோயோ என்று பண்ணைக்காரர் பயந்துவிட்டார். அந்தத் தானியங்கிக் கருவி கருவுள்ள குழியத்தை எல்லாம் வெண்குழியம் என்று எண்ணிவிட்டது, அவ்வளவுதான். மீனின் குழியங்களைக் கையால், எண்ணும் கண்ணாடி அறையில்தான் எண்ண வேண்டும். 200 மடங்கு ஐதாக்கி, நடுச் சதுரத்தின் 25 கட்டங்களில் ஐந்தை எண்ணி, வந்ததைப் பத்தாயிரத்தால் பெருக்குங்கள். 220 வந்தால் ஒரு கன மில்லிமீற்றருக்கு 22 இலட்சம் செங்குழியம்.

ஈமோகுளோபினை, அதை அளக்க ஆய்வுகூடங்கள் பாவிக்கும் ட்ரப்கின் கரைசலில் பார்க்கும்போதும் இதே கரு சிக்கல் தரும். உடைந்த குழியங்களின் கருக்கள் கரைசலைக் கலக்கி, எண்ணைக் கூட்டிக் காட்டும். கரைசலை ஒரு தடவை மையநீக்கியில் சுழற்றி, தெளிந்த மேல் நீரை வாசிக்கச் சொல்லுங்கள்.

வீட்டுச் சர்க்கரைக் கருவி மீனுக்கும் வேலை செய்யும், ஆனால் பெரும்பாலும் குறைத்துக் காட்டும். இன்றைய எண்ணை நேற்றைய எண்ணோடு ஒப்பிட மட்டும் அதை நம்பலாம்.

எண்களைச் சேர்த்துப் படிப்பது

ஒற்றை எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம். செங்குழியம் இறங்கி, புரதம் சரியாக இருந்தால் செங்குழியம் உடைகிறதா, அதை உண்டாக்கும் இடம் கெட்டதா என்று தேடுங்கள். இரண்டும் இறங்கினால் இரத்தம் எங்கோ போகிறது, அல்லது தீவனம், ஈரல். இரண்டும் ஏறினால் உடம்பில் நீர் குறைகிறது.

கூட்டுக் கொடுவாவில் இந்தக் கடைசி நிலையையும் அதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். எலும்புள்ள மீன்களின் இரத்த உப்பு கடல்நீரின் மூன்றிலொரு பங்களவுதான். கடல்நீரில் மீன் நீரை இழக்கும். நன்னீரில் உப்பை இழக்கும். உப்பு ஆயிரத்துக்கு 10 முதல் 12 பங்கு வரை இருக்கும் வாவி நீரில் அதற்குச் செலவு மிகக் குறைவு. கொடுவா இரண்டு பக்கமும் தாங்கும் மீன்தான். ஆனால் செவுளில் புண்ணோ ஒட்டுண்ணியோ இருக்கும்போது வெள்ளம் இறங்கினால் அந்தத் தாங்குதல் உடையும். இரத்த நீரின் சோடியமும் குளோரைட்டும் இறங்குவதில் அது தெரியும். இவற்றை மனித ஆய்வுகூடமே செய்து தரும், இங்கே கருவால் சிக்கல் இல்லை. செவுளை மட்டும் நீங்களே ஒரு துண்டு வெட்டி நுணுக்குக்காட்டியில் பாருங்கள், ஏனென்றால் செவுள் ஒட்டுண்ணி இரத்தத்தில் தெரியாது.

இறால் வளர்ப்பவர்களும் இதைக் கேட்பதுண்டு. இறாலின் இரத்தம் இரும்புக்குப் பதில் செம்பு கொண்டது, செங்குழியமே கிடையாது. இந்த எண்கள் எதுவும் அதற்குப் பொருந்தாது.

கோப்பி நிற இரத்தத்துக்கு

அந்த வெல்லாவெளிக் குளத்துக்கு வருகிறேன். நைத்திரைற்றும் குளோரைட்டும் செவுளில் ஒரே வாசலால் நுழைபவை. குளோரைட்டு பத்து மடங்கு இருந்தால் நைத்திரைற்றுக்கு இடம் கிடைக்காது. அதனால் வாவி நீரில் இந்தத் தொல்லை அரிது, நன்னீர்க் குளத்தில்தான் வரும். குளம் 500 கன மீற்றர், நைத்திரைற்று லீற்றருக்கு 2 மில்லிகிராம். வேண்டிய குளோரைட்டு 20 மில்லிகிராம். உப்பில் அறுபது வீதம்தான் குளோரைட்டு என்பதால் ஒரு கன மீற்றருக்கு 33 கிராம் உப்பு, மொத்தம் பதினாறரைக் கிலோ. கரைத்து, குளம் முழுவதும் பரவலாக ஊற்றினோம். தீவனத்தை நிறுத்தினோம், கால்வாசி நீரை மாற்றினோம். நீர் வரும் வாய்க்காலில் அந்த வாரம் வயலுக்கு மருந்து அடித்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் மாற்றினோம். வேளாண்மைக் காலத்தில் இதைக் கேட்காமல் நீர் எடுக்கவே கூடாது.

நான்காம் நாள் மறுபடி இரத்தம் எடுத்தோம். வெள்ளைத் தாளில் இரண்டு துளிகளுக்கும் நிறத்தில் வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

இப்போது அவர் ஒரு சிஆர் கொப்பி வைத்திருக்கிறார். திகதி, குளம், மீனின் எடை, பிடித்த வரிசை, நீர் வெப்பம், உப்பு, செங்குழிய வீதம், புரதம், இரத்த நீரின் நிறம் என்று ஒன்பது நிரல். கடைசி நிரலில் 'வைக்கோல்', 'வைக்கோல்', 'வைக்கோல்' என்று அவர் கையெழுத்தில் வரிசையாக இருக்கிறது. போன கச்சானில் ஒரு நாள் அங்கே 'மஞ்சள்' என்று எழுதிவிட்டு, மீன் ஒன்றும் சாவதற்கு முன்பே எனக்கு அழைப்பு எடுத்தார்.